லாபி பெருசு, கதவு நம்பர் ஒண்ணு: தி.நகர்ல ஒரு லக்ஷரி ஸ்டுடியோ

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)

போன ரெண்டு எபிசோடும் சம்பளம், பிஎஃப்னு ஓடிடுச்சு. அதுக்கு வந்த வாய்ஸ் நோட்ல பாதிக்கு மேல ஒரே கேள்வி. "அக்கா, தி.நகர், நுங்கம்பாக்கம் பக்கம் லக்ஷரி ஸ்டுடியோன்னு விளம்பரமா வருது. எடுக்கலாமா?" கேட்டவங்க பாதிப் பேர் முதல் தடவையா தனியா வீடு தேடறவங்க.

நான் ஒண்ணுல 17 மாசம் இருந்தேன். 2023 ஜூன்ல குடி போய், 2024 அக்டோபர் கடைசியில காலி பண்ணேன். அதனால இது பொதுவான அட்வைஸ் எபிசோட் இல்லை. என் கைக்காசு போன கதை. நடுநடுவுல எது எப்படி வேலை செய்யுதுன்னு சொல்றேன்.

முதல்ல, ஸ்டுடியோன்னா என்ன? ஒரே ரூம். அதுலயே கட்டில், அதுலயே சோபா, ஓரமா ஒரு கிச்சன் மேடை, தனியா ஒரு பாத்ரூம். எங்க பாட்டிகிட்ட போன்ல இதை விளக்கினேன். "இதைத்தான்டி நாங்க ஒண்டுக்குடித்தனம்னு சொல்லுவோம். அப்போ வாடகை கம்மி"ன்னாங்க. பாட்டி சொன்னது முக்கால்வாசி சரி. ஒண்டுக்குடித்தனத்துல பாத்ரூம் பொது, குழாயடி பொது, சண்டையும் பொது. ஸ்டுடியோவுல பாத்ரூம் உங்களுது. திருவல்லிக்கேணி மேன்ஷன் ரூம்களையும் இதுக்குத் தாத்தான்னு சொல்லலாம், ஆனா அது ஆம்பளைங்க உலகம். வேலைக்குன்னு சென்னைக்குத் தனியா வந்த பொண்ணுக்கு இருந்தது லேடீஸ் ஹாஸ்டல். ராத்திரி கேட் மூடற நேரம் போர்டுலயே எழுதியிருக்கும்.

நான் ஹாஸ்டல்ல நாலு வருஷம் இருந்துட்டு, வயசு 28 ஆனப்பதான் வீடு தேட ஆரம்பிச்சேன். மேற்கு மாம்பலத்துல ஒரு போர்ஷன். வாடகை 14,000. நல்ல வெளிச்சம், மொட்டை மாடி, வாசல்ல வேப்ப மரம். எனக்கு ரொம்பப் பிடிச்சுது. வீட்டுக்கார அம்மா காபி எல்லாம் குடுத்துட்டு ஆரம்பிச்சாங்க. "தனியாவா இருக்கப் போற? கல்யாணம் ஆகலையா? சமைப்பியா? முட்டை?" முட்டையைத் தாண்டினதும், "சொந்த ஊரு எதும்மா?"

"மதுரைப் பக்கம், ஆன்ட்டி."

"மதுரைல எங்க?"

சொன்னேன்.

"அந்த ஊர்ல எந்தத் தெரு?"

இந்தக் கேள்விக்கு அர்த்தம் என்னன்னு நம்ம ஊர்ல யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ரெண்டு நாள் கழிச்சு புரோக்கர் போன் பண்ணி, "அவங்க சொந்தக்காரங்களுக்கே குடுக்கறாங்களாம் மா"ன்னார். இதே மாதிரி இன்னும் மூணு வீடு. ஒரு இடத்துல "ஃபேமிலி ஒன்லி", ஒரு இடத்துல "ஐடி பொண்ணுங்க வேணாம், லேட்டா வருவாங்க."

அப்புறம் அதே புரோக்கர்தான் சொன்னார். "மா, நான் ஒண்ணு சொல்லவா? ஸ்டுடியோ பாருங்க. வாடகை கூடத்தான். ஆனா எவனும் ஒரு கேள்வி கேக்க மாட்டான்."

27,000 ரூபா. உஸ்மான் ரோட்டுலேர்ந்து ரெண்டு தெரு உள்ளே, நாலாவது மாடி. கீழே கிரானைட் போட்ட லாபி, வாசனை வர்ற மாதிரி ஏதோ மெஷின், லிஃப்டுக்குள்ள முழு ஆள் கண்ணாடி. செக்யூரிட்டி எழுந்து நின்னு "குட் மார்னிங் மேடம்"னு சொன்னார். வீட்டுக்காரம்மா என்கிட்ட கேட்டது ஒரே கேள்விதான். அட்வான்ஸ் எப்ப டிரான்ஸ்ஃபர் பண்றே? எனக்கு அழுகையே வந்துச்சு. மாம்பலம் வீட்டுக்கும் இதுக்கும் மாசம் 13,000 வித்தியாசம். அந்த 13,000 எதுக்குன்னு அன்னைக்கு யாராவது கேட்டிருந்தா, லிஃப்ட், ஏசி, ஜிம்முன்னு சொல்லியிருப்பேன். உண்மையில கேள்வி கேட்காம இருக்கறதுக்குத்தான் அவ்வளவு குடுத்தேன்.

சரி, கணக்குக்கு வருவோம்.

விளம்பரத்துல 480 சதுர அடின்னு போட்டிருந்தாங்க. குடி போன மறுவாரம், கட்டிலுக்கு மெத்தை வாங்கறதுக்காக டேப் வெச்சு அளந்தேன். ரூம் 18க்கு 14, அதாவது 252. பாத்ரூம் 7க்கு 5, அது 35. மொத்தம் 287. பால்கனின்னு நாலடிக்கு ஆறடி ஒண்ணு, துணி காயப்போடலாம், நாற்காலி போட முடியாது. அப்ப மிச்சம் 190 சதுர அடி எங்க போச்சு?

இதுல ஏமாத்து வேலைன்னு சொல்லிட முடியாது, இது ஒரு பழக்கம். 2016ல வந்த ரியல் எஸ்டேட் சட்டம், நாம ரெரான்னு சொல்றோமே, அதுல கார்ப்பெட் ஏரியான்னு ஒண்ணை வரையறுத்திருக்காங்க. வீட்டுக்குள்ள நிஜமாகப் பயன்படுத்தக்கூடிய தளப் பரப்பு அது. உள்ளே இருக்கும் தடுப்புச் சுவர் அதில் சேரும். வெளிச்சுவர், பால்கனி, பைப் போகும் ஷாஃப்ட் சேராது. சூப்பர் பில்ட்-அப்ன்றது இதோட லாபி, மாடிப்படி, லிஃப்ட், காரிடார் எல்லாத்துலயும் உங்க பங்கைச் சேர்த்து வர்ற எண். ரெரா வீடு விக்கறவங்களுக்கான சட்டம். வாடகை விளம்பரத்துல பெரிய எண்ணைத்தான் போடுவாங்க. மெயின்டனன்ஸும் அந்தப் பெரிய எண் மேலதான். எனக்கு சதுர அடிக்கு 7 ரூபா, 480க்கு 3,360. அந்தக் கிரானைட் லாபிக்கு நான் மாசாமாசம் வாடகை கட்டிட்டு இருந்தேன். 27,000ஐ 287ஆல வகுத்துப் பாருங்க, சதுர அடிக்கு 94 ரூபா வரும்.

ஆனா என் கேஸ்ல அந்த 480க்கு இன்னொரு கதை இருந்துச்சு. அது தெரிய எனக்கு ரெண்டு மாசம் ஆச்சு.

ஈபி பில்லுல தெரிஞ்சுது. வீட்டுக்காரம்மா வாட்ஸ்அப்ல ஒரு சப்-மீட்டர் போட்டோ அனுப்பி, "340 யூனிட், 3,400 அனுப்பிடும்மா"ன்னாங்க. யூனிட்டுக்கு பத்து ரூபா. நம்ம ஊர்ல வீட்டு இணைப்புக்கு ரெண்டு மாசத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். அதுக்கு மேல படிப்படியா ரேட் ஏறும், 500 யூனிட்டைத் தாண்டினா படிகளே மாறி பில் எகிறும். 340 யூனிட்டுக்குத் தனி கார்டு இருந்திருந்தா நான் கட்டினதுல பாதிகூட வந்திருக்காது. "என் கார்டு நம்பர் குடுங்க ஆன்ட்டி, நானே ஆன்லைன்ல கட்டிடறேன்"னு சொன்னேன். "உனக்குத் தனியா கார்டு இல்லம்மா. மூணு பேருக்கும் சேர்த்து ஒண்ணுதான்."

மூணு பேரா?

அப்பதான் புரிஞ்சுது. அது ஸ்டுடியோவா கட்டின கட்டடமே இல்லை. மூணு பெட்ரூம் ஃபிளாட், 1,440 சதுர அடி. அதை ஜிப்சம் தடுப்பு போட்டு மூணா வெட்டியிருக்காங்க. 1,440ஐ மூணால வகுத்தா 480. என் 'கிச்சன்' முன்னாடி யாரோ ஒருத்தரோட பெட்ரூம் பால்கனிப் பக்கம். எங்க மூணு பேருக்கும் வெளியில ஒரே மெயின் கதவு, ஒரே கதவு நம்பர், ஒரே ஈபி இணைப்பு. மூணு வீட்டு ஏசியும் ஒரே மீட்டர்ல ஓடினா 500 எல்லாம் முதல் மாசமே தாண்டிடும். அதனாலதான் ஆன்ட்டிக்கு யூனிட் பத்து ரூபா. அவங்க பக்கம் கணக்கு ஓரளவுக்கு நியாயம்தான். ஆனா மூணு வாடகை வாங்கறவங்க அந்த ஒரு மீட்டரோட பாரத்தையும் எங்க தலையிலயே வெச்சாங்க.

இதுக்குள்ள தி.நகரைப் பத்திக் கொஞ்சம் சொல்லிடறேன், ஏன்னா நான் இன்னும் அந்த ஏரியாவை விட்டுக்குடுக்க மாட்டேன். காலையில ஆறு மணிக்கு பனகல் பார்க் பக்கம் பூ வாசனை. மாம்பலம் ஸ்டேஷன்லேர்ந்து பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் 2023 மே மாசம் ஆகாய நடைபாதை திறந்தாங்க. ரங்கநாதன் தெரு கூட்டத்துல நீந்தாம மேலேயே நடந்து வந்துடலாம். பாண்டி பஜார் பிளாட்ஃபாரத்துல ராத்திரி பத்து மணிக்கு ஒரு பொண்ணு தனியா ஐஸ்கிரீம் சாப்பிட்டு நடக்கலாம். யாரும் திரும்பிப் பார்க்க மாட்டாங்க, எல்லார் கையிலயும் பை இருக்கும்.

தப்பு என்னோடது. நான் வீடு பார்த்தது ஒரு செவ்வாய்க்கிழமை, காலையில ஒன்பது மணிக்கு முன்னாடி. பின்பக்கம் இருந்த துணிக்கடை இன்னும் திறக்கலை. கடை திறந்ததும் அவங்க ஏசி சில்லர் ஓட ஆரம்பிக்கும், ராத்திரி பத்து மணி வரைக்கும் நிக்காது. பால்கனிக் கதவைத் திறந்தா பஸ் டிப்போ. வொர்க் ஃப்ரம் ஹோம் நாள்ல மீட்டிங்ல மேனேஜர், "எங்கயாவது டிராவல்ல இருக்கியா?"ன்னு கேப்பார். பிஸியான ஏரியாவுல வீடு பார்க்கறதுன்னா சனிக்கிழமை சாயந்திரம் ஏழு மணிக்கு ஒரு தடவை, மழை நாள்ல ஒரு தடவை போய்ப் பார்க்கணும்.

மழைன்னு ஏன் சொல்றேன்னா, தி.நகரே ஒரு ஏரி. மாம்பலம் பக்கம் நீளமா கிடந்த ஏரியைத் தூர்த்துத்தான் 1920கள்ல இந்த நகரை உருவாக்கினாங்க. 2021 நவம்பர் மழையில தி.நகர் தெருவெல்லாம் நாள்கணக்கா தண்ணி நின்னது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நாலாவது மாடிதானே, நமக்கென்னன்னு நினைச்சேன். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல். கரண்ட் போச்சு. ஜெனரேட்டர் இருக்கேன்னா, அது பேஸ்மென்ட்ல. தண்ணி மோட்டாரும் பேஸ்மென்ட்ல. பேஸ்மென்ட்ல தண்ணி. லிஃப்ட் கண்ணாடி, வாசனை மெஷின் எல்லாம் இருட்டுல இருக்க, நான் வாட்டர் கேனைத் தூக்கிட்டு நாலு மாடி ஏறினேன். வீடு பார்க்கப் போறவங்க ஜிம்மைப் பார்க்கறதுக்கு முன்னாடி மெயின் போர்டும் மோட்டாரும் ஜெனரேட்டரும் எந்த உயரத்துல இருக்குன்னு பாருங்க.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வரேன்.

இந்த மாதிரி கட்டடங்கள்ல கேட்ல ஒரு ஆப் இருக்கும், தெரியுமில்ல? யாராவது வந்தா செக்யூரிட்டி பேர், போட்டோ எடுத்து அனுப்புவார், நீங்க ஓகே குடுத்தாதான் உள்ளே விடுவாங்க. எனக்கு அது பாதுகாப்பாத்தான் தெரிஞ்சுது. ஆனா அந்த ஆப்ல ஒரு கதவு நம்பருக்கு ஒரு கணக்கு. எங்க மூணு பேருக்கும் சேர்த்து ஒரே கணக்கு. அதுல முதல் ஆள், ஓனர். அதாவது எனக்கு யார் வந்தாலும், எத்தனை மணிக்கு வந்தாலும், எத்தனை மணிக்குப் போனாலும் வீட்டுக்காரம்மா போன்லயும் டிங்.

ஒரு நாள் எனக்கு நல்ல ஜுரம். ஆபீஸ் ஃப்ரெண்ட் ஒருத்தன் மாத்திரையும் இட்லியும் வாங்கிட்டு வந்தான். வந்தது ராத்திரி 9:40. பத்தரைக்கு ஆன்ட்டி போன். "யாரும்மா அந்தப் பையன்? உள்ளே வந்து முக்கால் மணி நேரம் ஆச்சு, இன்னும் வெளியில போனதா வரலையே?"

நான் என்ன சொல்லியிருக்கணும்? "ஆன்ட்டி, அது உங்களுக்குத் தேவையில்லாத விஷயம்." நான் சொன்னது, "என் அண்ணன் ஆன்ட்டி."

28 வயசு. மாசம் 27,000 வாடகை. ஹாஸ்டல்ல வார்டன்கிட்ட சொன்ன அதே பொய்.

அதோட போச்சுன்னா பரவாயில்லை. அடுத்த மாசம் என் நிஜ அண்ணன் மதுரைலேர்ந்து வந்தான். கேட்ல போட்டோ எடுத்தாங்க. பத்து நிமிஷத்துல போன். "இது யாரும்மா?" "அண்ணன், ஆன்ட்டி." கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "உனக்கு எத்தனை அண்ணன்மா?" அண்ணன் பக்கத்துலதான் உக்காந்திருந்தான். அவன் சிரிச்சான். எனக்குச் சிரிப்பு வரலை. கேள்வி கேக்காத வீடுன்னு நம்பித்தான் கூடக் குடுத்தேன். கேள்வி மாம்பலத்துல வாசல்ல நின்னு கேட்டுச்சு, இங்க போன் வழியா வந்துச்சு.

அந்த ராத்திரிதான் அக்ரிமென்ட்டை முழுசா படிச்சேன். கையெழுத்துப் போட்டு ஏழு மாசம் கழிச்சு. தயவுசெஞ்சு என்னை மாதிரி பண்ணாதீங்க.

ரெண்டு பேப்பர் இருந்துச்சு. ஒண்ணுல வாடகை 15,000. இன்னொண்ணுல ஃபர்னிச்சர் உபயோகக் கட்டணம் 12,000. கட்டில், சோபா, ஒரு ஃப்ரிட்ஜ், ஒரு ஏசி. பழைய வரிமுறையில ஹெச்ஆர்ஏ கழிவு கேக்கறவங்களுக்கு இது நேரடி அடி, ஏன்னா வாடகைன்னு காட்ட முடியறது 15,000 மட்டும்தான். வருஷ வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினா கம்பெனியில ஓனரோட பான் நம்பர் கேப்பாங்க. அதையும் ஆன்ட்டி "ஆடிட்டர்கிட்ட கேட்டுச் சொல்றேன்மா"ன்னு மார்ச் வரைக்கும் இழுத்தாங்க. புது வரிமுறைல இருக்கறவங்களுக்கு ஹெச்ஆர்ஏ கழிவே கிடையாது, அவங்களுக்கு இந்தத் தலைவலி இல்லை.

அக்ரிமென்ட் 11 மாசத்துக்கு. ஏன் எப்பவும் 11? 1908ஆம் வருடப் பதிவுச் சட்டத்தின்படி ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும். அதைத் தவிர்க்கத்தான் ஊரெல்லாம் 11 மாசம். ஆனா தமிழ்நாட்டுல 1960ஆம் வருட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை எடுத்துட்டு, 2017ல நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் பத்தி ஒரு புதுச் சட்டம் போட்டாங்க. அது 2019 பிப்ரவரி 22லேர்ந்து நடைமுறையில இருக்கு. இதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்து எண் வாங்க வேண்டும். 11 மாசம்னு போட்டுத் தப்பிக்க இதுல வழி இல்லை. ஆன்லைன்லயே பதிவு பண்ணலாம். என் ஒப்பந்தம் பதிவாகலை. கேட்டதுக்கு, "அதெல்லாம் யாரும்மா பண்றாங்க?"

அதே சட்டத்துல நமக்குத் தேவையானது இன்னும் இருக்கு. தண்ணி, கரண்ட் மாதிரி அத்தியாவசிய வசதிகளை ஓனர் நிறுத்தக்கூடாது. வீட்டுக்குள்ள வரணும்னா 24 மணி நேரம் முன்னாடி எழுத்துல சொல்லணும். அட்வான்ஸ் மூணு மாச வாடகைன்னு ஒரு வரம்பு, ஆனா ரெண்டு பேரும் வேற மாதிரி ஒப்புக்கிட்டா அது செல்லும்ன்ற ஓட்டையும் அதுலயே இருக்கு. என்கிட்ட ஆறு மாசம், 1,62,000 வாங்கியிருந்தாங்க. நான்தான் ஒப்புக்கிட்டேனே.

காலி பண்ணின கதையைச் சுருக்கமா சொல்லிடறேன். தீபாவளி வாரத்துல தி.நகர்ல வீடு காலி பண்ணின புத்திசாலி நான். லாரி தெருவுக்குள்ள வரவே முடியாது, விடியக்காலம் நாலரைக்குச் சாமான் ஏத்தினோம். அட்வான்ஸ்ல பெயின்டிங்குன்னு ஒரு மாச வாடகை 27,000 பிடிச்சாங்க. அது அக்ரிமென்ட்லயே இருந்துச்சு, வாயைத் திறக்க முடியலை. சோபா கறைக்கு 6,000, கிளீனிங் 3,000. அந்தக் கறை நான் வரும்போதே இருந்துது. ஆனா என்கிட்ட ஒரு போட்டோகூட இல்லை. குடி போற அன்னைக்கு, சாமான் இறக்கறதுக்கு முன்னாடி, சுவர், சோபா, குழாய், மீட்டர் ரீடிங் எல்லாத்தையும் ஒரே வீடியோவா எடுத்து ஓனருக்கே வாட்ஸ்அப்ல அனுப்பி வெச்சிருந்தா அந்த 6,000 மிஞ்சியிருக்கும். மீதி 1,26,000 ரெண்டு தவணையா, மூணு மாசம் கழிச்சு வந்துச்சு. ஒரு மாசத்துக்குள்ள தரணும்னு சட்டம் சொல்லுது. வாடகை அதிகாரிகிட்ட போகலாமான்னு யோசிச்சேன். பதிவாகாத ஒப்பந்தம், ரெண்டு பேப்பர், பாதி வாடகை ஃபர்னிச்சர் கணக்குல. போகலை. போயிருக்கணுமான்னு இப்பவும் சில நாள் தோணும்.

அப்போ ஸ்டுடியோவே வேணாமான்னு கேட்டா, அப்படி இல்லை. நான் இப்ப இருக்கறதும் ஸ்டுடியோதான், கோடம்பாக்கம் பக்கம். வீடு பார்க்கப் போனப்ப வாசல்லயே நின்னு மூணு விஷயம் கேட்டேன். இந்த ரூமுக்குன்னு தனிக் கதவு நம்பர் இருக்கா? தனி ஈபி கார்டு இருக்கா, போன பில்லைக் காட்ட முடியுமா? கேட்ல ஆப் இருந்தா அதுல யார் யார் நம்பர் இருக்கு? புரோக்கர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். வீட்டுக்கார சார் ஈபி பில்லை எடுத்துட்டு வந்து காட்டினார். ஆப் எல்லாம் இல்லை, வாட்ச்மேன் அண்ணா ஒரு நோட்டுப் புக் வெச்சிருக்கார், அதுல பேனா எப்பவும் எழுதாது. வாடகை 22,000, அட்வான்ஸ் மூணு மாசம். அவர் திருப்பிக் கேட்டது, "கோடையில தண்ணி லாரி வந்தா உங்க பங்கு தந்துடுவீங்களாம்மா?" தந்துடறேன் சார்னேன்.

உங்க அட்வான்ஸ் கதைகளை வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. ஓனர் பேர், கட்டடம் பேர் சொல்லாதீங்க, தொகையை மட்டும் சொல்லுங்க.

போன வாரம் அண்ணன் வந்திருந்தான். ராத்திரி பதினோரு மணிக்கு வந்து இறங்கினான். யாரும் போன் பண்ணலை. மூணு மாடி ஏறி மூச்சு வாங்க நின்னு அவன்தான் கேட்டான், "ஏன்டி, இங்க லிஃப்ட் இல்லையா?"